கர்ப்பப்பையை எடுக்கத்தான் வேண்டுமா?

"குழந்தைகள் பிறந்தாயிற்று. இனி அது இருந்து என்ன ஆகப்போகிறது? எடுத்துவிட்டால் தொல்லை தீர்ந்தது." நாற்பதை ஒட்டிய வயதில், மாதவிடாயில் உதிரம் அளவுக்கு மீறிப் போகும் பெரும்பாட்டோடு மருத்துவமனைக்குப் போன பெண்களில் பலர் இந்த வார்த்தைகளைக் கேட்டிருப்பார்கள். சொன்னவர் மருத்துவராக இருக்கலாம், நாத்தனாராக இருக்கலாம், ஏற்கெனவே எடுத்துக்கொண்ட பக்கத்து வீட்டு அக்காவாகவும் இருக்கலாம். மாதத்தில் பத்து நாள் உதிரம் போய், படியேறினால் மூச்சு வாங்கி, வேலைக்கும் விடுப்பு எடுத்துக் களைத்துப்போன பெண்ணுக்கு அந்த யோசனை நியாயமாகவே படும்.

கர்ப்பப்பை நீக்க அறுவை சிகிச்சையைக் குறைசொல்ல இந்தக் கட்டுரையை எழுதவில்லை. அதனால் உயிர் பிழைத்தவர்கள் இருக்கிறார்கள்; வருடக்கணக்கான வேதனையிலிருந்து விடுபட்டு, ஏன் முன்பே செய்துகொள்ளவில்லை என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். உதிரப்போக்குக்கு என்ன காரணம் என்று தெரிவதற்கு முன்பே அறுவை சிகிச்சைக்குத் தேதி குறிக்கப்படுகிறதே, அதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. "எடுக்கலாமா, வேண்டாமா" என்பது கடைசியில் வர வேண்டிய கேள்வி. "எனக்கு என்ன நோய்? அதன் பெயர் என்ன?" என்பதே முதல் கேள்வி.

எதையெல்லாம் எடுக்கிறார்கள்?

கர்ப்பப்பை ஒரு கொய்யாப்பழ அளவுள்ள தசைப்பை. முன்னே சிறுநீர்ப்பை, பின்னே மலக்குடல், நடுவில் இது. உள்ளே எண்டோமெட்ரியம் என்னும் மெல்லிய உட்சவ்வு இருக்கிறது. மாதாமாதம் வளர்ந்து, கரு தங்காவிட்டால் உதிர்ந்து உதிரத்தோடு வெளியேறுவது இதுதான். பையின் கீழ்ப்பகுதி பிறப்புறுப்புக்குள் நீட்டிக்கொண்டிருக்கும். அது கர்ப்பப்பை வாய். மேலே இரு பக்கமும் கருக்குழாய்கள், அவற்றையொட்டி இரண்டு சினைப்பைகள். ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் என்ற பெண் ஹார்மோன்களைச் சுரப்பவை சினைப்பைகள். கர்ப்பப்பை அவற்றைச் சுரப்பதில்லை. இந்த ஒன்றை மனத்தில் இருத்திக்கொண்டால் பிற்பாடு வரும் பல குழப்பங்கள் தீரும்.

"கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள்" என்று ஒரே வாக்கியத்தில் நாம் சொல்வதற்குள் பல வேறு அறுவை சிகிச்சைகள் அடங்கியிருக்கின்றன. பையையும் வாயையும் சேர்த்து எடுப்பது முழு நீக்கம். வாயை விட்டுவிட்டு மேல்பகுதியை மட்டும் எடுப்பது பகுதி நீக்கம். இவற்றோடு கருக்குழாய்களையும் சினைப்பைகளையும் சேர்த்து எடுப்பதும் உண்டு. புற்றுநோய்க்காகச் சுற்றியுள்ள திசுக்களையும் அகற்றும் பெரிய அறுவை சிகிச்சை தனி. செய்யும் வழியிலும் வேறுபாடு இருக்கிறது: வயிற்றைக் கீறிச் செய்யலாம், வயிற்றில் சிறு துளைகளிட்டுக் கேமரா உதவியோடு செய்யும் லேப்ராஸ்கோப்பி வழியாகச் செய்யலாம், தையலே வெளியில் தெரியாமல் பிறப்புறுப்பு வழியாகவும் செய்யலாம். புற்றுநோய் இல்லாத நோய்களுக்கு, முடிகிற இடத்தில் பிறப்புறுப்பு வழியே செய்வதுதான் சிறந்தது என்று அமெரிக்க மகப்பேறு மருத்துவர் கல்லூரி உள்ளிட்ட அமைப்புகள் சொல்கின்றன. வலி குறைவு, வீட்டுக்குத் திரும்புவதும் சீக்கிரம்.

ஒரு ஸ்கேன் ரிப்போர்ட்டைப் படித்துப் பார்ப்போம்

பயம் பெரும்பாலும் ஸ்கேன் அறையில்தான் தொடங்குகிறது. 42 வயதுப் பெண் ஒருவர் கையில் இருக்கக்கூடிய வழக்கமான ரிப்போர்ட் இது: கர்ப்பப்பை 'பல்கி', அளவு 9.6 x 5.4 x 5 செ.மீ.; பின்சுவரில் 2.2 செ.மீ. அளவில் ஓர் இன்ட்ராமியூரல் ஃபைப்ராய்டு. எண்டோமெட்ரியம் 9 மி.மீ.; கர்ப்பப்பை வாயில் நபோதியன் சிஸ்ட்கள்; வலது சினைப்பையில் 2.8 செ.மீ. நீர்க்கட்டி. படித்ததும் உடம்பெல்லாம் கட்டி என்று தோன்றும். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

'பல்கி' என்றால் சற்றுப் பருத்திருக்கிறது, அவ்வளவுதான். குழந்தை பெற்றவரின் கர்ப்பப்பை, பெறாதவருடையதைவிட நீளம் அகலம் எல்லாவற்றிலும் ஒரு செ.மீ. வரை கூடுதலாக இருப்பது இயல்பு. ஃபைப்ராய்டு என்பது தசையிலிருந்து வளரும் நார்க்கட்டி. அமெரிக்காவில் நடந்த ஓர் ஆய்வில், 50 வயதை எட்டும்போது பத்தில் ஏழு பேருக்கும் மேல் இது இருந்தது தெரியவந்தது. அவர்களில் பலருக்குத் தொல்லையே கிடையாது. ஃபைப்ராய்டு புற்றுநோயாக மாறிவிடும் என்ற பயம்தான் பலரை அறுவை சிகிச்சைக்குத் தள்ளுகிறது. ஆனால் நார்க்கட்டி என்று நினைத்தது புற்றாக இருப்பது மிக அரிது. மாதவிடாய் நின்றபின் பெரும்பாலான கட்டிகள் தாமாகவே சுருங்கும்.

கட்டியின் அளவைவிட அது இருக்கும் இடம் முக்கியம். தசைச்சுவருக்குள் இருக்கும் 2 செ.மீ. கட்டி பெரும்பாலும் அமைதியாக இருக்கும். அதே 2 செ.மீ. கட்டி உட்சவ்வுக்கு அடியில், பைக்குள் துருத்திக்கொண்டிருந்தால் கொட்டும் உதிரத்துக்கு அதுவே காரணமாகலாம். அத்தகைய கட்டியை, கர்ப்பப்பைக்குள் மெல்லிய கேமராக் குழாயைச் செலுத்தும் ஹிஸ்டெரோஸ்கோப்பி மூலம், வயிற்றில் ஒரு கீறலும் இல்லாமல், பிறப்புறுப்பு வழியாகவே சுரண்டி எடுத்துவிடலாம். கர்ப்பப்பை அப்படியே இருக்கும். எனவே ரிப்போர்ட்டில் உட்சவ்வுக்கு அடியில் வளரும் 'சப்மியூகோசல்' என்று இருக்கிறதா, தசைச்சுவருக்குள் இருக்கும் 'இன்ட்ராமியூரல்' என்று இருக்கிறதா, வெளிப்புறமாக வளரும் 'சப்செரோசல்' என்று இருக்கிறதா என்று பாருங்கள்.

எண்டோமெட்ரியம் 9 மி.மீ. என்பது மாதச் சுழற்சியின் எந்த நாளில் ஸ்கேன் எடுத்தோம் என்பதைப் பொறுத்தது. மாதவிடாய் முடிந்ததும் மெலிந்திருக்கும், அடுத்தது நெருங்கும்போது தடிக்கும். நபோதியன் சிஸ்ட் என்பது கர்ப்பப்பை வாயிலுள்ள சளிச் சுரப்பிகள் அடைபட்டு உண்டாகும் சிறு கொப்புளம். அதற்கு வைத்தியமே தேவையில்லை. சினைப்பையில் மாதாமாதம் கருமுட்டை வளரும் பையே 2 செ.மீ.க்கு மேல் வரும். ஆகவே மாதவிடாய் நிற்காத பெண்ணுக்கு 3 செ.மீ. வரையிலான எளிய நீர்ப்பை நோயே இல்லை. அதைவிடச் சற்றுப் பெரிய நீர்க்கட்டிகளும் இரண்டு மூன்று மாதத்தில் பெரும்பாலும் தாமாகக் கரைந்துவிடும்.

ஆக இந்த ரிப்போர்ட்டில் உள்ள ஐந்தில் ஒன்றுகூடத் தன்னளவில் கர்ப்பப்பையை எடுக்கப் போதுமான காரணம் இல்லை. அந்தப் பெண்ணுக்கு உதிரப்போக்கு உண்மையிலேயே அதிகம் என்றால், காரணத்தை இன்னும் தேட வேண்டியிருக்கிறது.

வெள்ளைப்படுதலையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். "கர்ப்பப்பை வாயில் புண் இருக்கிறது, விட்டால் கேன்சர் ஆகிவிடும்" என்று பயமுறுத்தப்பட்டு வந்தவர்கள் ஏராளம். அப்படிச் சொல்லப்படுவதில் பெரும்பாலானது, வாயின் உட்பக்கத்துச் செல்கள் சற்று வெளியே படர்ந்து சிவப்பாகத் தெரியும் இயல்பான நிலை. வெள்ளைப்படுதல் நாற்றத்துடனோ அரிப்புடனோ இருந்தால் அது பெரும்பாலும் தொற்று; மாத்திரையில் குணமாகும். புற்றுநோய் பற்றிய ஐயம் இருந்தால் அதற்குரிய பரிசோதனைகள் இருக்கின்றன. வாயிலிருந்து செல்களை வழித்தெடுத்துப் பார்க்கும் பாப் ஸ்மியர் எடுக்கலாம், இந்தப் புற்றுக்குக் காரணமான எச்பிவி வைரஸ் இருக்கிறதா என்று பரிசோதனை செய்யலாம், அல்லது வாயில் நீர்த்த அசிட்டிக் அமிலம் தடவிப் பார்க்கும் எளிய சோதனையைச் செய்துகொள்ளலாம். கடைசியாகச் சொன்னதை அரசு சுகாதார நிலையங்களிலேயே 30 வயதைக் கடந்த பெண்களுக்கு இலவசமாகச் செய்கிறார்கள். புற்றுநோய்க்கு முந்தைய மாற்றம் தெரிந்தாலும், அந்தச் சிறு பகுதியை மட்டும் உறையவைத்தோ வெட்டியோ நீக்குவதே பெரும்பாலோருக்குப் போதும். வெள்ளைப்படுதலுக்காகக் கர்ப்பப்பையை இழந்த பெண்கள் நம் நாட்டில் இருக்கிறார்கள். இதைவிடக் கொடுமையான வீணடிப்பு எனக்குத் தெரியவில்லை.

உதிரம் ஏன் இவ்வளவு போகிறது?

24 நாளிலிருந்து 38 நாளுக்குள் ஒருமுறை வந்து, எட்டு நாளுக்குள் நின்றுவிடுவது இயல்பான மாதவிடாய். ஒரு மாதவிடாயில் 80 மில்லிக்கு மேல் உதிரம் போனால் அதிகம் என்று பாடநூல் சொல்லும். யாரும் அளந்து பார்ப்பதில்லை. ஒரு மணி நேரத்துக்கோ இரண்டு மணி நேரத்துக்கோ ஒரு நாப்கின் நனைகிறதா? கட்டி கட்டியாகப் போகிறதா? இரவில் எழுந்து மாற்ற வேண்டியிருக்கிறதா? வெளியூர்ப் பயணத்தை அந்த நாள்களுக்காகத் தள்ளிப்போடுகிறீர்களா? இவற்றுக்கு ஆம் என்றால் சிகிச்சை தேவைப்படும் அளவுக்கு அதிகம்தான். பொறுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

காரணங்கள் பல. உட்சவ்வில் வளரும் பாலிப் எனப்படும் சிறு சதைவளர்ச்சி, நார்க்கட்டி, உட்சவ்வுத் திசு தசைக்குள்ளேயே புகுந்து வளர்ந்து வீக்கமும் வலியும் தரும் அடினோமயோசிஸ், உட்சவ்வு அளவுக்கு மீறித் தடித்தல், புற்றுநோய். இவை கர்ப்பப்பையில் இருக்கும் காரணங்கள். கர்ப்பப்பைக்கு வெளியே இருக்கும் காரணங்களைத்தான் அடிக்கடி கோட்டைவிடுகிறார்கள். தைராய்டு குறைவாகச் சுரந்தால் உதிரப்போக்கு கூடும். மாதவிடாய் நிற்பதற்கு முந்தைய சில ஆண்டுகளில் கருமுட்டை ஒழுங்காக வெளிவராததால், மூன்று மாதம் வராமல் இருந்து பிறகு கொட்டித் தீர்க்கும். காப்பர்-டி போட்டவர்களுக்குக் கூடுதலாகப் போகும். இதய நோய்க்காக ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும் அப்படியே. சிறுவயதிலிருந்தே, பூப்பெய்திய காலம் முதலே அதிகமாகப் போகிறவர்களுக்கு ரத்தம் உறைவதில் பிறவிக் குறைபாடு இருக்கலாம்; அதைச் சோதிக்காமல் அறுவை சிகிச்சைக்குப் போனால் மேசையிலேயே ஆபத்து.

ஆகவே குறைந்தபட்சம் இவை நடந்திருக்க வேண்டும்: மருத்துவர் நேரில் உடல் பரிசோதனை செய்திருக்க வேண்டும், ஹீமோகுளோபின், தைராய்டு பார்த்திருக்க வேண்டும், முடிந்தால் பிறப்புறுப்பு வழியான ஸ்கேன். 45 வயதைக் கடந்தவர்களுக்கும், அதற்கு முன்பே உடல் பருமனோ, கருமுட்டை ஒழுங்காக வெளிவராத பிசிஓஎஸ் என்ற சினைப்பைக் கோளாறோ இருப்பவர்களுக்கும், உட்சவ்விலிருந்து சிறு துணுக்கு எடுத்துப் பயாப்ஸி பார்ப்பது அவசியம். மெல்லிய குழாயை நுழைத்து வெளிநோயாளர் பிரிவிலேயே சில நிமிடத்தில் எடுத்துவிடலாம்.

மாதவிடாய் நின்று ஓர் ஆண்டுக்குப் பிறகு துளி உதிரம் பட்டாலும் அன்றைக்கே மருத்துவரைப் பார்க்க வேண்டும். அப்படி வருகிறவர்களில் பத்தில் ஒருவருக்கு ஏறக்குறைய கர்ப்பப்பைப் புற்றுநோய் இருக்கக்கூடும். ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தால் பெரும்பாலோர் குணமடைகிறார்கள். வெட்கப்பட்டு மறைப்பதும், "மறுபடியும் வந்துவிட்டது போல" என்று விட்டுவிடுவதும்தான் உயிருக்கு உலை வைக்கும்.

கத்திக்கு முன்னால் என்னென்ன உண்டு?

காரணம் தெரிந்தபின் படிப்படியாகப் போகலாம். உதிரம் போகும் நாள்களில் மட்டும் சாப்பிடும் டிரானெக்சாமிக் அமிலம் என்ற மாத்திரை உதிரப்போக்கை ஏறக்குறைய பாதி அளவுக்குக் குறைக்கும். ரத்தக்குழாயில் உறைகட்டி வந்தவர்களுக்கு இது ஆகாது. வலியும் சேர்ந்திருந்தால் மெஃபனாமிக் அமிலம். ஹார்மோன் மாத்திரைகள் உண்டு. லக்னோவிலுள்ள மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனம் கண்டுபிடித்த ஆர்மிலாக்சிஃபென் உண்டு. 'சாயா' என்ற பெயரில் அரசு தரும் கருத்தடை மாத்திரையில் இருப்பது இதே மருந்துதான், இது ஹார்மோன் கிடையாது.

இவற்றில் தீராதவர்களுக்கு நான் முதலில் கேட்டுப் பார்க்கச் சொல்வது, லெவோநார்ஜெஸ்ட்ரல் ஹார்மோனைத் துளித்துளியாகக் கசியவிடும் கருப்பை உள்சாதனம். மிரினா என்ற வணிகப் பெயரால் பலருக்குத் தெரிந்திருக்கும். பார்க்கக் காப்பர்-டி போலவே இருக்கும், வேலை நேர் எதிர். காப்பர்-டி உதிரத்தைக் கூட்டும். இது உட்சவ்வை மெலியச் செய்து உதிரப்போக்கை 70 முதல் 90 சதவீதம் வரை குறைக்கும். ஒருமுறை வைத்தால் குறைந்தது ஐந்து ஆண்டுகளுக்குப் பலன் தரும். இந்தியப் பெண்களுக்கு மாதவிடாய் சராசரியாக 46, 47 வயதில் நின்றுவிடுகிறது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். 43 வயதில் இதை வைத்துக்கொண்டவர் அப்படியே மாதவிடாய் நிற்கும் காலம்வரை போய்விட வாய்ப்பிருக்கிறது. முதல் மூன்று முதல் ஆறு மாதம் வரை அவ்வப்போது சொட்டுச் சொட்டாக உதிரம் படும். இதை முன்கூட்டியே சொல்லாததால், "ஒத்துக்கொள்ளவில்லை" என்று இரண்டாம் மாதமே எடுத்துவிடச் சொல்பவர்கள் அதிகம். ஆறு மாதம் பொறுத்துப் பார்க்க வேண்டிய சிகிச்சை இது.

கட்டி பெரிதாக இருந்து, குழந்தை வேண்டும் என்பவர்களுக்குக் கட்டியை மட்டும் எடுக்கும் மயோமெக்டமி உண்டு. பெரிய மருத்துவமனைகளில் கட்டிக்குப் போகும் ரத்தக்குழாயை அடைத்து அதைச் சுருங்கச் செய்யும் சிகிச்சையும் கிடைக்கிறது. குழந்தைப்பேறு முடிந்தவர்களுக்கு உட்சவ்வை வெப்பத்தால் நீக்கும் முறை இருக்கிறது. சிலருக்கு நாளாவட்டத்தில் உதிரப்போக்கு திரும்பி வரலாம்.

கர்ப்பப்பை இறக்கம் வேறு கதை. பிரசவங்களால் தளர்ந்த தசைகளும் தசைநார்களும் தாங்க முடியாமல் பை கீழே இறங்குகிறது. ஆரம்ப நிலையில் இடுப்புத்தள உடற்பயிற்சியும், உள்ளே வைக்கும் பெஸரி வளையமும் உதவும். அறுவை சிகிச்சை தேவைப்பட்டாலும் பையை எடுக்காமல் மேலே இழுத்துக் கட்ட வழியிருக்கிறது. இளம் பெண்களுக்காக இத்தகைய முறைகளை வகுத்தவர்களில் மும்பையைச் சேர்ந்த மருத்துவர்கள் ஷிரோட்கரும் புரந்தரேயும் உலகம் அறிந்தவர்கள். வயது கூடியவர்களுக்கு, பை முழுதாக வெளியே வந்துவிட்ட நிலையில், எடுத்துவிட்டுத் தசைகளைச் சீர்செய்வது பெரும்பாலும் நல்ல முடிவுதான்.

எடுத்தே ஆக வேண்டிய நேரங்களும் உண்டு. கர்ப்பப்பைப் புற்றுநோய், ஆரம்பக் கட்டத்துக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய், புற்றாக மாறக்கூடிய விதத்தில் உட்சவ்வு தடித்திருத்தல், பிரசவத்தில் எதற்கும் நிற்காத உதிரப்போக்கு, இவற்றில் தயங்கிக்கொண்டிருக்கக் கூடாது. மருந்து எல்லாம் முயன்றும் அடங்காத அடினோமயோசிஸ், சிறுநீர்ப்பையை அழுத்தும் பெரிய நார்க்கட்டிகள், இவற்றுக்கும் பல பெண்கள் யோசித்து அறுவை சிகிச்சையைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அது அவர்களுடைய உரிமை. "இன்னும் கொஞ்ச நாள் பொறுத்துக்கொள்" என்று அந்தப் பெண்ணை வதைப்பதும், தேவையில்லாமல் எடுக்கச் சொல்வதும் ஒரே அளவு அநீதி.

சினைப்பை தனிக் கேள்வி

"எடுக்கிறதோடு எடுக்கிறதாக இதையும் எடுத்துவிடலாம், பின்னால் கேன்சர் வராது" என்று சினைப்பைகளையும் சேர்த்து எடுப்பது நடக்கிறது. இங்கேதான் மிகக் கவனமாக இருக்க வேண்டும். கர்ப்பப்பையை மட்டும் எடுத்தால் மாதவிடாய் நிற்கும். ஹார்மோன் தொடர்ந்து சுரக்கும். ஆனாலும் சினைப்பைகள் வழக்கத்தைவிடச் சில ஆண்டுகள் முன்பே ஓய்ந்துபோக வாய்ப்பு உண்டு. இரண்டு சினைப்பைகளையும் எடுத்துவிட்டாலோ, இயற்கையில் பல ஆண்டுகளில் மெல்ல நிகழும் மாற்றம் ஒரே நாளில் வந்து விழும். உடல் கொதிப்பு, தூக்கமின்மை, பிறப்புறுப்பு வறட்சி, மனச்சோர்வு. 38 வயதில் இது நேர்ந்தால் எலும்பு வலுவிழப்பும் இதய நோயும் அந்த அளவுக்கு முன்கூட்டி வரும்.

அமெரிக்கச் செவிலியர்களின் உடல்நலத்தைப் பல்லாண்டு பின்தொடர்ந்த பெரிய ஆய்வொன்றின் முடிவு 2009-இல் வெளிவந்தது. கர்ப்பப்பை நீக்கம் செய்துகொண்ட 29,000-க்கும் மேற்பட்ட பெண்களை 24 ஆண்டுகள் கவனித்தார்கள். சினைப்பைகளை எடுத்துக்கொண்டவர்களுக்கு மார்பகப் புற்றும் சினைப்பைப் புற்றும் குறைந்தன. ஆனால் இதய நோயும் மொத்த மரணங்களும் கூடின. எந்த வயதுப் பிரிவிலும் சினைப்பையை எடுத்ததால் ஆயுள் கூடவில்லை. எனவே மார்பக, சினைப்பைப் புற்றின் ஆபத்தைக் கூட்டும் பிஆர்சிஏ மரபணு மாற்றம் உள்ளவர்கள், குடும்பத்தில் சினைப்பைப் புற்று இருப்பவர்கள், சினைப்பையிலேயே நோய் உள்ளவர்கள் தவிர மற்றவர்கள், அதிலும் மாதவிடாய் நிற்காதவர்கள், அவற்றை வைத்துக்கொள்வதே நல்லது. கருக்குழாய்களை எடுப்பது வேறு விஷயம்: சினைப்பைப் புற்று என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி குழாயின் நுனியில்தான் தொடங்குகிறது என்று இப்போது தெரிந்திருப்பதால், குழாய்களை மட்டும் எடுத்துவிடுவது பரவலாகிவருகிறது. அதனால் ஹார்மோனுக்குக் கேடு இல்லை.

ஏதோ ஒரு காரணத்தால் இளவயதில் இரண்டு சினைப்பைகளையும் இழந்தவர்கள், இயற்கையாக மாதவிடாய் நிற்கும் வயது வரையிலாவது ஈஸ்ட்ரோஜன் எடுத்துக்கொள்ளலாமா என்று மருத்துவரிடம் கட்டாயம் கேட்க வேண்டும்.

இவ்வளவு எச்சரிக்கை ஏன்?

நாட்டின் அனுபவம் அப்படி. தேசியக் குடும்பநல ஆய்வின் 2019–21 சுற்றின்படி 15 முதல் 49 வயதுக்கு உட்பட்ட பெண்களில் 3.3 சதவீதத்தினர் கர்ப்பப்பையை எடுத்துக்கொண்டவர்கள். ஆந்திராவிலும் தெலங்கானாவிலும் இது இரண்டு மடங்குக்கும் மேல். நாடு முழுவதும், எடுத்துக்கொண்டபோது அந்தப் பெண்களின் இடைநிலை வயது சுமார் 34; அதாவது ஏறக்குறைய பாதிப்பேர் அதற்கும் இளையவர்கள். மேலைநாடுகளில் நாற்பதைக் கடந்த பெண்களுக்குப் பெரும்பாலும் செய்யப்படும் சிகிச்சை இங்கே முப்பதுகளில் நடக்கிறது. மூன்றில் இரண்டு பங்கு தனியார் மருத்துவமனைகளில் நடக்கிறது.

மராட்டிய மாநிலம் பீட் மாவட்டத்தில் நடந்தது 2019-இல் நாட்டையே உலுக்கியது. கணவனும் மனைவியும் ஒரு ஜோடியாகக் கரும்பு வெட்டப் போகிறார்கள். மாதவிடாய் வலியென்று ஒரு நாள் விடுப்பு எடுத்தால் ஒப்பந்தக்காரர் அபராதம் பிடிக்கிறார். வயலோரக் கூடாரங்களில் கழிப்பறையும் இல்லை, தண்ணீரும் இல்லை. தொற்று வராமல் என்ன செய்யும்? உள்ளூர் மருத்துவமனைக்குப் போனால் "எடுத்துவிடு" என்கிறார்கள். அரசு அமைத்த குழு 82,000-க்கும் மேற்பட்ட பெண்களிடம் விசாரித்தபோது, 13,000-க்கும் மேற்பட்டோர் கர்ப்பப்பையை எடுத்துக்கொண்டிருந்தது தெரியவந்தது. அதற்கு முன்பே ராஜஸ்தான், பீகார், சத்தீஸ்கர் மாநிலங்களிலிருந்து, காப்பீட்டுப் பணத்துக்காகத் தேவையற்ற அறுவை சிகிச்சைகள் நடந்ததாகப் புகார்கள் எழுந்து, உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்கானது. மத்திய அரசு 2022-இல் வழிகாட்டு நெறிமுறைகள் வெளியிட்டது. மூன்று மாதத்துக்குள் மாநிலங்கள் அவற்றை ஏற்க வேண்டும் என்று 2023 ஏப்ரலில் நீதிமன்றம் ஆணையிட்டது. மாவட்டம்தோறும் கண்காணிப்புக் குழு இருக்க வேண்டும், 40 வயதுக்குக் குறைந்தவர்களுக்குச் செய்யும் சிகிச்சைகளைத் தனியாக ஆராய வேண்டும் என்பவை அவற்றின் சாரம்.

கையெழுத்துப் போடும் முன்

இன்னொரு மருத்துவரிடம் கருத்துக் கேளுங்கள். புற்றுநோயோ கொட்டும் உதிரமோ இல்லையென்றால் இரண்டு வாரத்தில் எதுவும் முழுகிவிடாது. ஒரே வளாகத்தில் இருப்பவரிடம் கேட்காமல் வேறு மருத்துவமனைக்கு, முடிந்தால் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு, எல்லா ரிப்போர்ட்டுகளுடன் போங்கள். "டாக்டர் கோபித்துக்கொள்வாரோ" என்று தயங்க வேண்டாம். இரண்டாவது கருத்துக் கேட்பது நோயாளியின் உரிமை, நல்ல மருத்துவர்கள் அதை வரவேற்பார்கள்.

"டாக்டர், என் நோயின் பெயரை எழுதித் தாருங்கள். எடுக்காவிட்டால் என்ன ஆகும்? மருந்திலோ உள்சாதனத்திலோ பார்த்துவிட்டு முடிவு செய்யலாமா? சினைப்பையை வைப்பீர்களா? எந்த வழியாகச் செய்வீர்கள், ஏன்?" இவ்வளவு கேட்டாலே போதும். பதில் பொறுமையாக வருகிறதா என்பதிலிருந்தே பாதி தெரிந்துவிடும்.

ஒப்புதல் படிவத்தில் எந்தெந்த உறுப்பு என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். உச்ச நீதிமன்றம் 2008 ஜனவரியில் அளித்த தீர்ப்பு ஒன்று இதற்குப் பெரிய பாதுகாப்பு. 44 வயதுப் பெண் ஒருவர் உதிரப்போக்குக்காக லேப்ராஸ்கோப்பி பரிசோதனைக்குச் சென்றார். மயக்கத்தில் இருந்தபோது வெளியே இருந்த தாயிடம் கையெழுத்து வாங்கி, அவருடைய கர்ப்பப்பையையும் சினைப்பைகளையும் குழாய்களையும் எடுத்துவிட்டார்கள். உயிருக்கு உடனடி ஆபத்து இல்லாதபோது, சுயநினைவோடு முடிவெடுக்கக்கூடிய பெண்ணுக்குப் பதில் தாயின் சம்மதம் செல்லாது. பரிசோதனைக்கு ஒப்புக்கொண்டது சிகிச்சைக்கு ஒப்புக்கொண்டதாகாது என்றது நீதிமன்றம். கணவரின் கையெழுத்துக்கும் இதே நியாயம்தான்.

ஆபத்துகளையும் தெரிந்துகொண்டே போக வேண்டும். சிறுநீரகத்திலிருந்து சிறுநீரைக் கொண்டுவரும் குழாய், கர்ப்பப்பை வாயிலிருந்து ஏறக்குறைய 2 செ.மீ. தூரத்தில், கர்ப்பப்பைக்கு ரத்தம் கொண்டுவரும் தமனிக்கு நேர் அடியில் போகிறது. அறுவை மருத்துவர் அந்தத் தமனியைக் கட்டித்தான் ஆக வேண்டும். அனுபவமுள்ள கைகளிலும் நூற்றில் ஒரு சிலருக்கு அந்தக் குழாயோ சிறுநீர்ப்பையோ காயப்படலாம். உதிர இழப்பு, தொற்று, காலில் உறைகட்டி ஆகியவையும் உண்டு. ரத்தசோகையோடு மேசைக்குப் போவது இவற்றையெல்லாம் மோசமாக்கும். தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு ரத்தசோகை இருக்கிறது என்று அதே குடும்பநல ஆய்வு சொல்கிறது. அவசரமில்லாத அறுவை சிகிச்சை என்றால் முதலில் இரும்புச்சத்தை ஏற்றி ஹீமோகுளோபினைச் சரிசெய்துகொள்ளுங்கள். அந்தச் சில வாரங்களில் களைப்பு நீங்கி, மருந்தும் வேலை செய்து, முடிவையே மாற்றிக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள்.

அறுவை சிகிச்சைக்குப் பிறகு

வயிற்றைக் கீறிச் செய்திருந்தால் ஆறு முதல் எட்டு வாரம் வரை கனமான எதையும் தூக்கக் கூடாது. தண்ணீர்க் குடம், கேஸ் சிலிண்டர், இடுப்பில் பேரக்குழந்தை எல்லாம் இதில் சேரும். மற்ற வழிகளில் செய்தவர்கள் இன்னும் விரைவில் வேலைக்குத் திரும்பலாம்; ஆனால் உள்ளே போட்ட தையல் எல்லோருக்கும் ஒன்றே என்பதால் தாம்பத்திய உறவுக்கு ஆறு வாரமாவது இடைவெளி வேண்டும். அதன்பிறகு இல்லற வாழ்வு முடிந்துபோகும் என்பது பொய். வலியும் உதிரப்போக்கும் நீங்கியதால் முன்னைவிட நன்றாக இருப்பதாகச் சொல்பவர்களே அதிகம். உடம்பு ஊதிவிடும் என்ற பயமும் பரவலாக இருக்கிறது; மூன்று மாதம் உட்காரவைத்து நெய்யும் கறியுமாகக் கொடுத்தால் யாருக்கும் எடை கூடத்தான் செய்யும். மறுநாளிலிருந்தே மெல்ல நடப்பது எடைக்கும் நல்லது, காலில் உறைகட்டி வராமலும் காக்கும்.

வீட்டார் முதல் ஒரு மாதத்துக்குச் சமையலறையைப் பொறுப்பேற்க வேண்டும். பத்தாவது நாளே தோசைக்கல் முன் நிற்கும் பெண்களைப் பார்த்துப் பார்த்து இதைத் தனியாக எழுதுகிறேன்.

டிஸ்சார்ஜ் சம்மரியை வாங்கும்போதே அதில் கர்ப்பப்பை வாய் எடுக்கப்பட்டதா, சினைப்பைகள் இருக்கின்றனவா என்று தெளிவாக எழுதியிருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் எழுதித் தரச் சொல்லுங்கள். பத்தாண்டு கழித்து வேறொரு மருத்துவர் கேட்கும்போது பதில் தெரியாமல் விழிக்கும் பெண்கள் பலர். வாய் மீதமிருந்தால் பாப் ஸ்மியர் பரிசோதனையைத் தொடர வேண்டும். எடுத்த உறுப்பு பயாப்ஸிக்கு அனுப்பப்பட்டிருக்கும். அதன் முடிவு வர ஒன்றிரண்டு வாரம் ஆகும். தையல் பிரித்ததோடு கணக்கு முடிந்தது என்று இருந்துவிடாமல், அந்த ரிப்போர்ட்டை நேரில் போய் வாங்கி, மருத்துவரிடம் காட்டி, சம்மரியோடு சேர்த்து ஒரே கோப்பில் வையுங்கள்.